39.37 என்ற எண்ணும் எட்டடி நகர்ந்த சாக்கடையும்

கும்பகோணத்தை ஒட்டி, ஒரு காலத்தில் நஞ்சையாக இருந்து மனைகளாகப் பிரிந்த இடம். தெற்கே தெரு, மற்ற மூன்று பக்கமும் அடுத்தவர் மனை. வீட்டுக்கான வரைபடம் பாதி முடிந்திருந்த நேரத்தில், ஆர்க்கிடெக்டின் திரையில் தெருச் சாக்கடை மனைக்குள் ஏழடி புகுந்து கிடந்தது. வடக்கே, பக்கத்து வீட்டு காம்பவுண்டுச் சுவருக்கும் எல்லைக்கும் நடுவில் எட்டடிச் சந்து ஒன்று முளைத்திருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் இரண்டும் இல்லை. சாக்கடை எல்லைக்கு வெளியே ஒரு அடி தள்ளி ஓடுகிறது. சுவர் எல்லைக்கல்லை ஒட்டியே நிற்கிறது.

சர்வேயரின் ஜிபிஎஸ் கருவி சரியில்லை என்று ஒரு தரப்பு சொல்ல, என் அளவை யாரோ கலைத்துவிட்டார்கள் என்று மறு தரப்பு சொல்ல, நாலு நாள் போயிற்று. கருவி சரியாகத்தான் இருந்தது. கோடு எதையும் யாரும் கலைக்கவுமில்லை. ஒரு பெருக்கல் எண்ணில் கடைசி நாலு இலக்கத்தை விட்டதுதான் காரணம். மனை அடையாளம் தெரியாமல் இருக்க ஆயத்தொலைவுகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது, கணக்கு அப்படியேதான்.

கையில் இருந்தவை

பத்திரம் அடியில் பேசியது: கிழமேல் ஜாதியடி வடபுறம் 40.6, தென்புறம் 41. தென்வடல் ஜாதியடி கீழ்புறம் 62, மேல்புறம் 61.9. பட்டாவில் விஸ்தீரணம் 0 ஹெக்டேர் 2.34 ஏர், அதாவது 234 சதுர மீட்டர். சர்வேயர் தந்த முதல் கோப்பு டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியின் மென்பொருளிலிருந்து வந்த டிஎக்ஸ்எஃப் (மென்பொருள்களுக்கு நடுவே வரைபடத்தைக் கைமாற்றும் கோப்பு வடிவம்). எல்லைக்கற்கள், நிலமட்டப் புள்ளிகள், இரண்டு தென்னை. பத்து நாள் கழித்து, கேட்டதன் பேரில் இரண்டாவது கோப்பு டிடபிள்யூஜியாக, அதாவது ஆட்டோகேட்டின் சொந்தக் கோப்பு வடிவில், வந்தது: தெரு, சாக்கடை, மின்கம்பம், அக்கம்பக்கச் சுவர்கள். இரண்டுமே மீட்டரில், பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தைக் கிழக்கு, வடக்கு என்ற இரண்டு எண்ணால் சொல்லும் யூடிஎம் முறையின் 44 வடக்கு மண்டல ஆயத்தொலைவில் இருந்தன. தென்மேற்கு மூலைக்கல் கிழக்கு 322918.400, வடக்கு 1212046.200.

ஆர்க்கிடெக்டின் கோப்பு ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளில் அடி–அங்குலம். ஊரில் கொத்தனாரும் ஆசாரியும் இன்னும் அடியில்தான் பேசுகிறார்கள், செங்கல் சுவர் ஒன்பது அங்குலம்தான், அதனால் வரைபடமும் அடியில் போகிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆட்டோகேட்டின் ‘ஆர்க்கிடெக்சரல்’ அலகில் ஒரு அலகு என்பது எப்போதும் ஒரு அங்குலம். அடி அல்ல, மீட்டரும் அல்ல. மீட்டரில் வரைந்த கோப்பை அந்த அமைப்பில் திறந்தால் 12.350 மீட்டர் நீள வடபுற எல்லை 1'-0 3/8" என்று காட்டும். நாற்பதடி மனை ஒரு அடியாகச் சுருங்கிவிட்டது போலத் தெரியும். கோடு சுருங்கவில்லை, 12.350 அலகு என்பதை மென்பொருள் 12.350 அங்குலம் என்று வாசிக்கிறது, அவ்வளவே.

இதை ஆர்க்கிடெக்ட் உடனே கண்டுபிடித்துவிட்டார். மீட்டரை அங்குலமாக்க 39.37 ஆல் பெருக்கினால் போதும் என்று, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அடிப்புள்ளி 0,0 கொடுத்து, ஸ்கேல் கட்டளையில் 39.37 என்று அடித்தார். வடபுறம் அளந்து பார்த்தார்: 40'-6 1/4". பத்திரத்தோடு ஒத்துப்போனது. திருப்தியாகி அதன்மேல் வீட்டை வரைய ஆரம்பித்துவிட்டார்.

இரண்டாவது கோப்பை அவர் கையால் பெருக்கவில்லை, எக்ஸ்ரெஃபாக (தன் கோப்புக்குள் வெளிக்கோப்பைக் கோத்துக் காட்டும் முறை) இணைத்தார். அந்தக் கோப்பில் சர்வேயர், கோப்பின் அலகைச் சொல்லும் இன்ஸ்யூனிட்ஸ் மதிப்பை 6, அதாவது மீட்டர், என்று முறையாக வைத்திருந்தார். ஆர்க்கிடெக்டின் கோப்பில் அது 1, அதாவது அங்குலம். மென்பொருள் இரண்டையும் பார்த்துத் தானே பெருக்கிக்கொண்டது. திரையில் 39.3701 என்று காட்டினாலும் உள்ளே அது பயன்படுத்துவது 1 ÷ 0.0254, அதாவது 39.37007874...

எங்கே பிசகியது

39.37, 39.37007874 இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு. மனையின் 12.350 மீட்டர் பக்கத்தில் இது 0.025 மில்லிமீட்டர், தலைமயிரின் தடிமன்கூட இல்லை. அதனால்தான் எந்தப் பக்கத்தை அளந்தாலும் சரியாக வந்தது. ஆனால் பெருக்கியது மனையை மட்டும் அல்ல. 0,0 புள்ளியிலிருந்து மனை வரைக்குமான தூரத்தையும் சேர்த்துத்தான். வடக்கு ஆயத்தொலைவு 12 லட்சம் மீட்டர் சொச்சம்:

1212046 × 0.000002 = 2.424 மீட்டர் = 7'-11 7/16"
322918 × 0.000002 = 0.646 மீட்டர் = 2'-1 7/16"

தானாகப் பெருக்கப்பட்ட இரண்டாவது கோப்பு முழுவதும் வடக்கே ஏறத்தாழ எட்டடி, கிழக்கே இரண்டடி நகர்ந்து உட்கார்ந்தது. தெற்கே எல்லைக்கு வெளியே 0.30 மீட்டரில் இருந்த சாக்கடை 2.12 மீட்டர் உள்ளே வந்தது. வடக்குச் சுவர் அதே அளவு எல்லையை விட்டு விலகியது.

இப்படிப்பட்ட நகர்வைச் சந்தேகிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. இரண்டு கோப்பிலும் இருக்கும் பொதுப்புள்ளி ஒன்றை எடுத்து, எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கிழக்கு, வடக்கு தனித்தனியாக அளக்கவும். கிழக்கு நகர்வை வடக்கு நகர்வால் வகுக்கவும்: 0.646 ÷ 2.424 = 0.2665. பிறகு அந்தப் புள்ளியின் கிழக்கு ஆயத்தொலைவை வடக்கு ஆயத்தொலைவால் வகுக்கவும்: 322918 ÷ 1212046 = 0.2664. இரண்டும் ஒன்றாக வந்தால் நகர்வின் திசை 0,0 புள்ளியிலிருந்து வரும் கோட்டின் திசைதான். ஆகவே அது பெருக்கல் பிசகு. களத்தில் ஸ்டேஷன் (கருவி நிற்கும் புள்ளி) தவறாகக் குறிக்கப்பட்டிருந்தாலோ ஜிபிஎஸ் பிசகியிருந்தாலோ இந்த விகிதம் இப்படிப் பொருந்துவது அபூர்வம். நாலு நாள் வாக்குவாதத்துக்கு இந்த இரண்டு வகுத்தல் போதுமானதாக இருந்தது.

39.37 என்ற எண்ணுக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1893-ல் அமெரிக்காவில் ஒரு மீட்டர் என்பது சரியாக 39.37 அங்குலம் என்று வரையறுத்தார்கள். 1959-ல் ஆங்கிலம் பேசும் நாடுகள் சேர்ந்து அங்குலத்தை 25.4 மில்லிமீட்டர் என்று நிலைப்படுத்தின, அடி 0.3048 மீட்டர் ஆனது. பழைய கணக்கு மட்டும் ‘அமெரிக்க சர்வே அடி’ என்ற பெயரில் அங்கே நில அளவையில் ஒட்டிக்கொண்டு நின்று, 2022 முடிவோடு கைவிடப்பட்டது. நம் ஊருக்கும் அதற்கும் ஒரு ஒட்டும் இல்லை. ஆனால் ஆட்டோகேட்டின் அலகுப் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது. ‘சர்வே’ என்ற சொல்லைப் பார்த்ததும், நம்முடையது சர்வே கோப்புத்தானே என்று அதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் உண்டு. விளைவு மேலே சொன்ன அதே 2.4 மீட்டர். 3.28 என்று போட்டு அடியாக்கினால் நிலைமை இன்னும் மோசம்: சரியான எண் 3.28084, பிசகு பத்தாயிரத்தில் இரண்டரை, கும்பகோணத்து வடக்கு ஆயத்தொலைவில் அது 310 மீட்டர். மனை அடுத்த தெருவுக்கே போய்விடும். அப்படிப் போனால் எவருக்கும் உடனே தெரிந்துவிடும். 2.4 மீட்டர்தான் ஆபத்து, ஏனென்றால் அது நம்பக்கூடிய அளவில் இருக்கிறது. ஆக்கிரமிப்பு என்றே படுகிறது.

சரிசெய்த விதம்

பெருக்கிய கோப்பை மறுபடி பெருக்கித் திருத்துவதில் அர்த்தமில்லை. சர்வேயரின் மூலக் கோப்புக்கே திரும்பினார்கள். அதைத் திறந்து, எதையும் தொடாமல், படிக்க மட்டும் என்று பூட்டி வைத்து, நகலில் வேலை நடந்தது.

முதலில் யூனிட்ஸ் பெட்டியில் செருகல் அலகை, அதாவது மேலே சொன்ன இன்ஸ்யூனிட்ஸை, மீட்டர் என்று வைத்தார்கள். டிஎக்ஸ்எஃப் ஆர்12 என்ற பழைய வடிவில் வந்த கோப்பில் அலகு என்ற தகவலுக்கே இடம் கிடையாது. அதனால் அது அலகில்லாத கோப்பாகத் திறக்கும். இந்த மாற்றம் ஒரு கோட்டையும் நகர்த்தாது. கோப்பின் நெற்றியில் ‘நான் மீட்டர்’ என்று எழுதி ஒட்டுவது மட்டுமே. அதே பெட்டியில் நீளத்தின் வகையை டெசிமல் என்று மாற்றினால் 12.350 என்பது 12.350 என்றே தெரியும்.

அடுத்து, பெருக்குவதற்கு முன்னால் இடம்பெயர்ப்பு. மூவ் கட்டளையில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, 322900,1212000 என்ற புள்ளியை 0,0-க்குக் கொண்டுவர வேண்டும். உறைந்த, பூட்டிய லேயர்களை முதலில் திறந்துவிடாவிட்டால் அவை பழைய இடத்திலேயே தங்கிவிடும். பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு. முழு எண்ணாகக் கழிப்பதில் ஒரு சௌகரியம்: மூலைக்கல் இப்போது 18.400, 46.200. யார் பார்த்தாலும் மனதிலேயே கூட்டி மூல எண்ணுக்குத் திரும்பலாம். கழித்த எண்ணை, அச்சாகாத ஒரு லேயரில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தார்கள். பலர் மனையின் மூலையையே 0,0 ஆக்குகிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் கழித்த மூன்று தசம எண்ணை எங்காவது எழுதிவைக்க மறந்தால் திரும்பிப் போக வழியில்லை.

இந்த இடம்பெயர்ப்பு இன்னொரு தொல்லையையும் தீர்க்கிறது. யூடிஎம் எண்ணை அங்குலமாக்கினால் வடக்கு 4 கோடியே 77 லட்சம் என்று போகும். ஆட்டோகேட் பதினைந்து இலக்கம்வரை நினைவில் வைக்கும் என்பதால் கோட்டின் அளவு கெடாது. ஆனால் திரையில் கோடு நடுங்கும், வட்டம் முடிச்சு முடிச்சாகத் தெரியும், ஹேட்ச் (பரப்பை நிரப்பும் கோட்டு வடிவம்) நிரம்ப மறுக்கும். ஸ்கெட்சப் என்ற முப்பரிமாண மென்பொருளில் பரப்புகள் துடிக்கும். கட்டட வரைவு மென்பொருளான ரெவிட் தன் உள் தொடக்கப் புள்ளியிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்கு வெளியே எதையும் விரும்புவதில்லை. நம் மனை அங்கிருந்து 1,200 கிலோமீட்டருக்கும் அப்பால்.

பிறகுதான் அலகு மாற்றம். இதற்கு மூன்று வழி. ஆர்க்கிடெக்டின் அங்குலக் கோப்பில் இந்த மீட்டர் கோப்பை எக்ஸ்ரெஃபாகவோ இன்சர்ட்டாகவோ கொண்டுவந்தால் மென்பொருளே பெருக்கிக்கொள்ளும், இதுவே மேல். கையால்தான் பெருக்க வேண்டும் என்றால் ஸ்கேல் கட்டளையில் ரெஃபரன்ஸ் என்று கொடுத்து, பழைய நீளம் 0.0254, புதிய நீளம் 1 என்று அடிக்கலாம். அல்லது பெருக்கல் எண்ணாக 5000/127 என்று பின்னமாகவே அடிக்கலாம். மீட்டருக்கும் அங்குலத்துக்கும் உள்ள உறவு இந்தப் பின்னத்தில் மிச்சமில்லாமல் அடங்கிவிடுகிறது. மூன்றுமே ஒரே விடை. அடிப்புள்ளி 0,0. முக்கியமான விதி ஒன்றுதான்: ஒரு வேலையில் வரும் எல்லாக் கோப்புக்கும் ஒரே வழி. ஒன்றைக் கையாலும் ஒன்றைத் தானாகவும் மாற்றியதால்தான் இந்த வழக்கே வந்தது.

கடைசியில் சோதனை. நாலு பக்கமும் ஒத்துப்போவதால் மனை சரி என்று ஆகாது. நாலு பக்கமும் அதே அளவில் இருக்க, மனையைச் சாய்சதுரமாகத் தள்ளிவிட முடியும். மூலைவிட்டம் இரண்டையும் பார்க்க வேண்டும். சர்வே கோப்பில் தென்மேற்கு–வடகிழக்கு 22.906 மீட்டர், வடமேற்கு–தென்கிழக்கு 22.249 மீட்டர். மாற்றிய கோப்பில் 75'-1 13/16", 72'-11 15/16". இரண்டும் சரியாக வந்தன. சாக்கடை தெருவுக்குத் திரும்பியது.

விகிதம் சொல்லும் ஜாதகம்

திரையில் வரும் நீளத்தை உண்மையான நீளத்தால் வகுத்துப் பார்த்தால் பெரும்பாலான அலகுப் பிசகுகள் தாமாகவே தம் பெயரைச் சொல்லிவிடும். 39.37 மடங்கு குறைந்திருந்தால், மீட்டர் கோப்பு அங்குலமாக வாசிக்கப்படுகிறது. 12 மடங்கு குறைந்திருந்தால், தசம அடியில் வரைந்த கோப்பை அங்குலமாக வாசிக்கிறோம். 1000 மடங்கு என்றால் மீட்டர், மில்லிமீட்டர் குழப்பம். 304.8 என்றால் அடியும் மில்லிமீட்டரும்.

25.4 வந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். சர்வேயர் மீட்டரில் வரைகிறார். ஆனால் கோப்பைத் தொடங்கியது ஆட்டோகேட்டோடு வரும் அங்குல டெம்ப்ளேட்டில். கோப்பின் நெற்றியில் ‘அங்குலம்’ என்றே இருக்கிறது. அதை மில்லிமீட்டரில் வேலை செய்யும் ஆர்க்கிடெக்ட் இணைக்கும்போது மென்பொருள் 25.4 ஆல் பெருக்கிவிடுகிறது, 12.350 மீட்டர் பக்கம் 313.69 மில்லிமீட்டர் ஆகிறது. ‘மீட்டர்தானே’ என்று அதன்மேல் 1000 ஆல் பெருக்கினால் நாற்பதடி மனை ஆயிரம் அடியைத் தாண்டும். இங்கே பெருக்கல் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. மூலக் கோப்பின் நெற்றியைத் திருத்திவிட்டு மறுபடி இணைக்க வேண்டும்.

பெருக்கினால் மாறாதவை

கோடு மாறும், எழுத்து மாறாது. சர்வேயர் நிலமட்டத்தை ‘24.610’ என்று எழுத்தாகப் போட்டிருந்தால், கோப்பு அங்குலமானாலும் அந்த எழுத்து 24.610 என்றேதான் நிற்கும். டெல்டாவில் இது விளையாட்டு அல்ல. நஞ்சையைத் தூர்த்த மனைகள் தெருவைவிடத் தாழ்ந்தே கிடக்கும். தெருவோ ஒவ்வொரு முறை தார் போடும்போதும் உயர்ந்துகொண்டே போகும்.

இந்த மனையில் தெரு நடுமட்டம் 24.610, மனையின் சராசரி மட்டம் 24.150. வித்தியாசம் 0.46 மீட்டர், அதாவது 1'-6 1/8". தெருமட்டத்துக்கு நிரப்ப 234 சதுர மீட்டருக்கு 107.6 கனமீட்டர், ஏறத்தாழ 3,800 கனஅடி. நூறு கனஅடி ஒரு யூனிட் என்ற லாரிக் கணக்கில் 38 யூனிட், அதுவும் இறுகிய பின் அளவு. அடியில் இருக்கும் வரைபடத்தில் 24.610, 24.150 என்று பார்க்கும் ஒருவர் அதை அடி என்று எடுத்துக்கொண்டால் வித்தியாசம் 0.46 அடி, ஐந்தரை அங்குலம். மண் பதினோரு யூனிட் சொச்சம் என்று எழுதிவிடுவார். செலவுக் கணக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். மாற்றிய கோப்பில் மட்ட எழுத்துகளுக்குப் பக்கத்தில் ‘மீட்டரில்’ என்று ஒரு குறிப்பு, தெரு நடுமட்டம் = ±0'-0" என்று இன்னொரு குறிப்பு: இரண்டும் இருந்தால் இந்த விபத்து நடக்காது.

ஜிபிஎஸ் மட்டம் அப்படியே வந்திருந்தால் அதையும் கவனிக்கவும். கும்பகோணத்தில் −60, −70 என்று மட்டம் வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று அர்த்தமல்ல. அது பூமியின் வடிவத்துக்குக் கணக்கில் வைத்திருக்கும் நீள்வட்டப் பரப்பிலிருந்து அளந்த உயரம், கடல்மட்டத்திலிருந்து அளந்தது அல்ல. வித்தியாசங்களுக்குப் பயன்படும், நேரடி மட்டமாகப் பயன்படாது.

டைமென்ஷன்களிலும் இதே கூத்து. மீட்டர் கோப்பிலேயே அடி காட்ட வேண்டும் என்று, எழுதிக் காட்டும் அளவை மட்டும் பெருக்கும் டிம்எல்ஃபேக் மதிப்பை 3.28084 என்று சிலர் வைத்திருப்பார்கள். அந்தக் கோப்பைப் பெருக்கினால் ஒவ்வொரு அளவும் இன்னொரு முறை 3.28 மடங்காகும், மதிப்பை 1-க்குத் திருப்ப வேண்டும். அதைவிட மோசம், அளவைக் கையால் தட்டி எழுதியிருப்பது: எழுத்து 40'-0" என்று சொல்லும், கோடு 39'-6" இருக்கும். சர்வே கோப்பில் டைமென்ஷனை நம்பாமல் டிஸ்ட் கட்டளையால் கோட்டையே அளப்பதுதான் ஒரே வழி.

பத்திரத்தின் புள்ளி

பத்திரத்தில் 40.6 என்று இருந்ததே, அது நாற்பது அடி ஆறு அங்குலமா, நாற்பது புள்ளி ஆறு அடியா? ஆவணம் எழுதுகிறவர்கள் பலர் புள்ளியை அடிக்கும் அங்குலத்துக்கும் நடுவே வேலிபோலத்தான் வைக்கிறார்கள். கணக்கு படித்த கண் அதைத் தசமமாக வாசிக்கும்: 40.6 அடி = 40'-7 3/16". ‘40.10’ என்று இருந்தாலோ, ஒரு வாசிப்பில் 40'-10", மறு வாசிப்பில் 40'-1 3/16". முக்கால் அடி வித்தியாசம். 40.11 வந்தாலும் நிலைமை அதேதான்.

இந்த மனையில் சர்வே தீர்ப்புச் சொன்னது. வடபுறம் அளந்தது 12.350 மீட்டர், 40 அடி 6 அங்குலம் என்றால் 12.344, 40.6 அடி என்றால் 12.375. மேல்புறம் அளந்தது 18.815, 61 அடி 9 அங்குலம் என்றால் 18.821, 61.9 அடி என்றால் 18.867. இரண்டிலும் அங்குல வாசிப்பு ஆறு மில்லிமீட்டருக்குள் ஒட்டுகிறது. ஒரு பக்கத்தை வைத்து முடிவுசெய்யக் கூடாது. இரண்டு பக்கம் ஒரே கதை சொன்னால் நம்பலாம்.

பரப்புக்கும் இதே எச்சரிக்கை. எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கும் வழக்கப்படி பத்திரக் கணக்கு 40.75 × 61.875 = 2,521 சதுரடி. ஆயத்தொலைவுகளிலிருந்து வரும் உண்மைப் பரப்பு 234.09 சதுர மீட்டர், 2,520 சதுரடி, 5.78 சென்ட். மனை கொஞ்சம்தான் சாய்ந்திருப்பதால் ஒரு சதுரடியோடு போயிற்று. நன்றாகச் சாய்ந்த மனையில் சராசரிப் பெருக்கல் எப்போதும் கூடுதலாகவே காட்டும், குறைத்துக் காட்டாது. பழைய நஞ்சைப் பத்திரத்தில் பரப்பு குழியிலும் மாவிலும் இருந்தால்: குழி 144 சதுரடி, நூறு குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா 14,400 சதுரடி, 33 சென்ட் சொச்சம்.

புலப்படத்தை (ஒரு சர்வே எண்ணுக்கான அரசின் அளவுப் படம்) பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் இறக்கும் பிடிஎஃப்பில் அளவுத்திட்டம் எழுதியிருந்தாலும், அச்சுப்பொறி ‘தாளுக்குப் பொருத்து’ என்று சுருக்கிவிட்டால் அந்த எழுத்துக்கு மதிப்பில்லை. தாளில் அளக்காமல், எழுதியிருக்கும் ஜி-லைன் (புலத்தின் குறுக்கே போகும் அடிக்கோடு), ஏணி (அதிலிருந்து பக்கவாட்டில் எடுத்த) அளவுகளை வைத்து மறுபடி வரைவதே முறை. பழைய புலப்படங்களில் அளவு லிங்க்கில் இருக்கலாம்: நூறு லிங்க் 66 அடி, ஒரு லிங்க் 0.201168 மீட்டர், ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். நம் மனையின் தென்புறம் லிங்க்கில் 62. கீழ்புறம் அடியில் 62. அலகு எழுதாத பழைய தாளில் இந்த இரண்டு 62-உம் மாறிப்போனால் மனை திரும்பி நிற்கும்.

தாளில்

திரையில் எல்லாம் சரியாக இருந்தும் தாளில் கெடுவதுண்டு. ‘அங்குலத்துக்கு எட்டடி’ என்பது 1:96. 1:100 அல்ல. 40 அடி அந்தத் தாளில் 127 மில்லிமீட்டர். அதை 1:100 அளவுகோலில் வாசித்தால் 12.70 மீட்டர், 41'-8". பரப்பில் எட்டரை சதவீதம் கூடுகிறது. 1/4" = 1'-0" என்பது 1:48, அதையும் 1:50 என்று எண்ணக்கூடாது. ஏ1 தாளை ஏ3-க்குச் சுருக்கினால் சரியாகப் பாதி: 1:100 என்பது 1:200. தாளில் எழுதிய விகிதம் பொய்யாகும். வரைந்த அளவுகோல் பட்டை மட்டும் எந்த ஜெராக்ஸ் கடையிலும் பொய்யாகாது. பட்டையில் மேலே மீட்டர், கீழே அடி என்று இரண்டும் போடுவது நல்லது.

விதிகளில் திறவிடம் (எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடம்) மீட்டரில் இருக்கும். 1.5 மீட்டர் விட வேண்டிய இடத்தில் 4'-11" என்று போட்டால் 1.4986 மீட்டர்; 1.4 மில்லிமீட்டர் குறைவு. சுவருக்கு அது பொருட்டே அல்ல, ஆனால் பரிசீலிக்கிறவர் பார்ப்பது எண்ணை. 5'-0" என்று ஏற்றிப் போட்டுவிடுங்கள். எல்லையின் நீளத்தை மட்டும் எப்போதும் கீழ்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும்: 40'-6 1/4" இருந்தால் 40'-6".

மனையைத் தாண்டிய வேலைகளில்

யூடிஎம் தளத்தில் அளந்த தூரமும் தரையில் டேப் பிடித்த தூரமும் ஒன்றல்ல. 44-ஆம் மண்டலத்தின் நடுக்கோடு 81 பாகை. அதிலிருந்து 180 கிலோமீட்டர் மேற்கே வந்தால் விகிதம் சரியாக 1. கும்பகோணம் ஏறத்தாழ அந்த இடத்திலேயே இருக்கிறது. கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் பிசகு. தஞ்சாவூரில் தளத் தூரம் கிலோமீட்டருக்கு 11 சென்டிமீட்டர் கூடும். நாகப்பட்டினத்தில் 20 சென்டிமீட்டர் குறையும். வீட்டு மனைக்கு இதைத் தொட வேண்டாம். இரண்டு கிலோமீட்டர் வாய்க்கால் கரைக்கோ பெரிய லேஅவுட்டுக்கோ வரைபடம் போடும்போது சர்வேயரிடம் ‘தளமா, தரையா’ என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வடக்கும் அப்படித்தான்: கும்பகோணத்தில் தள வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் மூன்றில் ஒரு பாகைக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம். 18 மீட்டர் நீளத்தில் பத்து சென்டிமீட்டர். வாஸ்து பார்க்கிறவர் கைபேசித் திசைகாட்டியோடு வந்து நிற்கும்போது இது ஞாபகம் வரட்டும். அந்தத் திசைகாட்டியின் பிசகு இதைவிடப் பெரியது.

திரும்பிப் போகும் வழி

வீடு வரைந்து முடிந்ததும் தூண் மையங்களை மனையில் குறிக்க அதே சர்வேயர்தான் வர வேண்டும். அப்போது அங்குலக் கோப்பு மீட்டருக்குத் திரும்ப வேண்டும்: தூண் மையங்கள், எல்லைக்கற்கள் மட்டும் தனிக் கோப்பில், 0,0-ஐ அடிப்புள்ளியாக வைத்து 127/5000 ஆல் ஸ்கேல், பிறகு 0,0-லிருந்து 322900,1212000-க்கு மூவ். போன வரிசைக்கு நேர் தலைகீழ். வரிசையை மாற்றி, முதலில் மூவ், பிறகு ஸ்கேல் என்று செய்தால் மனை நிலநடுக்கோட்டை ஒட்டி இந்தியப் பெருங்கடலுக்குப் போகும்.

இங்கே அடிக்கடி தடுக்குவது சுழற்சி. வரைய வசதியாக இருக்கட்டும் என்று சாய்ந்த மனையை ரொட்டேட் கட்டளையால் நேராக்கிவிடுகிறார்கள். எத்தனை பாகை திருப்பினோம் என்பது ஒரு மாதத்தில் மறந்துவிடும். கோட்டைத் திருப்பாமல் பார்வையைத் திருப்புவதே வழி: யூசிஎஸ்ஸை (நாமே வைத்துக்கொள்ளும் ஆய அச்சுகள்) மேல்புற எல்லையோடு பொருத்தி, பிளான் கட்டளை கொடுத்தால் திரை நேராக நிற்கும், ஆயத்தொலைவு தொடப்படாமல் இருக்கும்.

சர்வேயருக்குப் போகும் கோப்பில் நாலு எல்லைக்கல்லும் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் தன் மூலக் கோப்பின் மேல் இதைப் போட்டுப் பார்ப்பார். நாலு கல்லும் மில்லிமீட்டர் பிசகாமல் உட்கார்ந்தால்தான் தூண்களைக் குறிக்கப் போக வேண்டும். இந்த மனையில் நாலும் உட்கார்ந்தன. குறித்த பிறகு மேஸ்திரி கோடித் தூண்களுக்கு நடுவே மூலைக்கு மூலை டேப் பிடித்தார்; இரண்டு மூலைவிட்டமும் ஒன்றுக்கொன்று 1/8 அங்குலத்துக்குள் வந்தன. தெற்குத் தூண் வரிசையிலிருந்து சாக்கடை ஓரம்வரை பிடித்த டேப்பும் வரைபடத்தில் இருந்த அளவையே காட்டியது.